நகர ஓடை மீட்புக்கு அரசுப் பணம்: எங்கே இருக்கிறது, எப்படிக் கேட்பது, எங்கே சிக்கும்

கேள்வி இதுதான்: ஊருக்கு நடுவே சாக்கடையாகிப்போன ஓர் ஓடையை மீட்க ஒரு குடியிருப்போர் குழு நினைக்கிறது. அரசுப் பணம் கிடைக்குமா, யாரிடம் கேட்பது, ஆதரவை எப்படித் திரட்டுவது?

பணம் கிடைக்கும். ஆனால் 'ஓடை மீட்பு' என்ற தலைப்பில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அந்தப் பெயரில் தனியாக ஒதுக்கப்படும் நிதி பொதுவாகச் சிறியதுதான். வெள்ளத் தடுப்பு, கழிவுநீர்க் குழாய், பூங்கா, பாலம், பொதுச் சுகாதாரம் ஆகிய தலைப்புகளில் ஆண்டுதோறும் பெருந்தொகை செலவாகிறது. ஓடைகள் பெரும்பாலும் அந்தப் பணத்தின் ஓரத்தில்தான் மீட்கப்படுகின்றன. ஆகவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, உங்கள் ஓடை இப்போது எந்தத் துறைக்குத் தலைவலி என்பதை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமானத்துக்கான பணம் நடுவில் வருவது. அதைத் திரட்டுவது ஒப்பீட்டளவில் எளிது, ஏனென்றால் அதற்குத் திறப்பு விழா உண்டு. அதற்கு முன்னால் வேண்டிய ஆய்வுப் பணமும் பின்னால் வேண்டிய பராமரிப்புப் பணமும்தான் அரிது. திட்டங்கள் சாவது இந்த இரு முனைகளில்.

தனித் தலைப்பில் நிதி கொடுத்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு கலிபோர்னியா. அங்கே 1984-இல் இயற்றிய சட்டத்தின்படி மாநில நீர்வளத் துறை நகர ஓடை மீட்புக்கென்றே மானியம் வழங்கத் தொடங்கியது. அதில் ஒரு விதி மிகப் புத்திசாலித்தனமானது: உள்ளாட்சி அமைப்பும் குடிமக்கள் குழுவும் கூட்டாகத்தான் விண்ணப்பிக்க முடியும். குழு மட்டும் கேட்டால் நிலத்திலும் கணக்கிலும் அதற்கு அதிகாரம் இல்லை. நகராட்சி மட்டும் கேட்டால் காங்கிரீட் சுவரைக் கட்டிவிட்டு 'மீட்பு' என்று எழுதிவிடும். உங்கள் ஊரில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தை அந்த வடிவிலேயே கொண்டுபோவது நல்லது.

இனி, அடுத்தவர் தலைவலியில் பிறந்த மீட்புகளைப் பார்க்கலாம். ஜூரிக் நகரத்தில் மலைச்சரிவிலிருந்து வரும் சிற்றோடைகளைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே குழாய்க்குள் அடைத்துக் கழிவுநீர்க் குழாயோடு சேர்த்துவிட்டார்கள். தெளிந்த ஓடைநீர் சாக்கடையோடு கலந்து சுத்திகரிப்பு நிலையம் வரை போனது. நிலையத்தின் கொள்ளளவு வீணானது. சுத்தமான தண்ணீரையே சுத்தம் செய்யச் செலவும் ஆனது. 1988-இல் நகரம் ஓடைகளுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, அவற்றைப் பிரித்துத் தரைக்கு மேலே கொண்டுவரத் தொடங்கியது. தொடர்ந்து ஓடிவரும் சுத்தமான நீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவதை 1991-இன் சுவிஸ் நீர்ப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தியதும் இந்த வேலைக்கு வலு கூடியது. கழிவுநீர்த் துறைக்கே இலாபம் என்று கணக்குக் காட்ட முடிந்தால், மீனையும் தும்பியையும் பற்றி வாதாட வேண்டிய தேவையே இல்லை.

மியூனிக்கில் ஈசார் ஆற்றின் 8 கி.மீ. நீளம் 2000 முதல் 2011 வரை மீட்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 3.5 கோடி யூரோ; பவேரிய மாநிலம் 55 சதவீதமும் நகரம் 45 சதவீதமும் ஏற்றன. மாநிலம் பணம் தந்ததற்கு அடிப்படைக் காரணம் வெள்ளப் பாதுகாப்பு. பழைய கரைகள் பெருவெள்ளத்துக்குப் போதவில்லை. எப்படியும் பலப்படுத்த வேண்டியிருந்தது. அந்த வேலையோடு ஆற்றுப்படுகையை அகலப்படுத்துவதும் கூழாங்கல் திட்டுகளை விடுவதும் சேர்ந்துகொண்டன.

சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நடந்தது இரண்டு துறைகளின் தேவைகள் ஒரே நேரத்தில் கூடியது. நீர் வாரியத்துக்குக் காலாங் ஆற்றின் காங்கிரீட் கால்வாயை மேம்படுத்த வேண்டியிருந்தது; பூங்கா வாரியத்துக்கு 1988-இல் திறந்த பூங்காவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இரண்டையும் இணைத்ததில் 2.7 கி.மீ. நேர்க்கால்வாய் 3.2 கி.மீ. வளைந்தோடும் ஆறாக 2012-இல் மாறியது. உங்கள் ஓடையை ஒட்டிப் பூங்கா, பள்ளி மைதானம், பழைய பாலம் என ஏதாவது இருந்தால் அது எப்போது புதுப்பிக்கப்பட வேண்டும் என்று அந்தத் துறையின் ஆண்டுத் திட்டத்தில் பாருங்கள். அந்த ஆண்டுதான் உங்கள் வாசல் திறக்கும் ஆண்டு.

சட்டத்தின் நோக்கப் பத்தியையும் படித்துவிடுங்கள். ஜப்பானின் ஆற்றுச் சட்டத்தில் 1997 திருத்தம் வரை வெள்ளக் கட்டுப்பாடும் நீர்ப் பயன்பாடுமே நோக்கங்கள். அந்தத் திருத்தம் சுற்றுச்சூழலை மூன்றாவதாகச் சேர்த்தது. இது வெறும் சொல் மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பொறியாளர் செலவு மதிப்பீட்டில் மரநடவு என்று ஒரு வரி எழுதினால் தணிக்கை அதை வெட்டுமா விடுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த மாதிரிச் சொல்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு நீர்ச் சட்டகமும், 2030-க்குள் குறைந்தது 25,000 கி.மீ. ஆறுகளைத் தடையின்றி ஓடச் செய்வதை இலக்காக வைத்த 2024-இன் இயற்கை மீட்புச் சட்டமும் இதே வகையில் பயன்படுகின்றன. உங்கள் நாட்டில் இதற்கு நிகரான வரி எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் பிரிவு எண்ணோடு எழுதுங்கள்.

மானியத்தை விட உறுதியான மூலம் மழைநீர்க் கட்டணம். வீடோ கடையோ எத்தனை சதுர மீட்டர் நிலத்தைக் கூரையாலும் தளத்தாலும் மூடியிருக்கிறதோ அந்த அளவுக்கு மாதக் கட்டணம். அந்தப் பணம் வடிகாலுக்கும் ஓடைக்கும் மட்டுமே செல்லும். வட கரோலினாவின் சார்லட் - மெக்லன்பர்க் பகுதியில் 1993 முதல் இது நடக்கிறது. அங்கே 1999 முதல், திரும்பத் திரும்ப வெள்ளத்தில் மூழ்கும் வீடுகளை விருப்பமுள்ள உரிமையாளர்களிடமிருந்து விலைக்கு வாங்கி இடித்து, நிலத்தை ஓடைக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். பிலடெல்பியா 2011-இல் தொடங்கிய 25 ஆண்டு மழைநீர்த் திட்டத்துக்கும் இதே வகைக் கட்டணமே அடித்தளம். இதன் பெரிய நன்மை, பராமரிப்புக்கும் செலவிடலாம் என்பது. கெடுதலும் உண்டு: புதிய கட்டணம் என்றாலே எதிர்ப்பு வரும், பெரிய வாகன நிறுத்தங்கள் வைத்திருப்போர் வழக்குக்கும் போவார்கள். மழைநீரைத் தன் வளாகத்திலேயே இறக்குபவருக்குக் கட்டணத் தள்ளுபடி என்ற விதி இருந்தால் எதிர்ப்பு ஓரளவு குறையும். ஒரு குடியிருப்போர் குழுவால் இதைக் கொண்டுவர முடியாது என்றாலும், ஏற்கெனவே இருக்கும் ஊரில் அதைக் கேட்டு வாங்கலாம்.

ஆய்வுப் பணத்துக்கு வருவோம். இங்கே ஒரு சுழல் இருக்கிறது: ஆய்வு இல்லாமல் விண்ணப்பம் ஏற்கப்படாது, பணம் இல்லாமல் ஆய்வு நடக்காது. பெரிய ஆய்வுக்குக் காத்திருக்காமல், ஒரு குழுவே செய்யக்கூடிய பகுதியை முதலில் செய்து, அதைக் காட்டிச் சிறிய ஆய்வு மானியம் வாங்கி, அதைக் காட்டிப் பெரிய மானியம் வாங்குவதுதான் இதிலிருந்து வெளியே வரும் வழி.

குழுவே செய்யக்கூடிய முதல் வேலை குழாய்வாய்க் கணக்கெடுப்பு. மழை நின்று 72 மணி நேரம் ஆன பிறகு ஓடையோரம் முழு நீளமும் நடக்க வேண்டும். அப்போதும் எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் வருகிறதோ அது மழைநீர் இல்லை. கழிவுநீராகவோ, குடிநீர்க் கசிவாகவோ, நிலத்தடி ஊற்றாகவோ இருக்கும். ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் எண், கைப்பேசியில் இருப்பிடம், குழாயின் விட்டம், நிறம், வாடை ஆகியவற்றைக் குறியுங்கள். ஒரு வாளியைப் பிடித்து எத்தனை வினாடியில் நிரம்புகிறது என்று பார்த்தால் ஓட்ட அளவும் கிடைத்துவிடும். சோதனைத் தாள் அம்மோனியா கூடுதலாகக் காட்டினால் கழிவு. குளோரின் எச்சம் காட்டினால் குடிநீர்க் கசிவு. இரண்டும் இல்லாமல் குளிர்ந்து தெளிந்திருந்தால் ஊற்றாக இருக்க வாய்ப்பு. சேற்றில் இறங்காமல், கையுறையும் காலணியும் போட்டு, மூன்று பேருக்குக் குறையாமல் போக வேண்டும். இந்த ஒரு பட்டியலுக்கு விண்ணப்பத்தில் இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை. அதைப் பார்த்த கழிவுநீர்த் துறை சில இணைப்புகளைத் தன் வழக்கமான பராமரிப்பு நிதியிலேயே சரிசெய்துவிடுவதும் உண்டு.

அடுத்து வருபவை பொறியாளர் செய்ய வேண்டியவை. 20 முதல் 50 மீட்டருக்கு ஒன்றாகவும் ஒவ்வொரு பாலத்துக்கும் நீர் வரும் பக்கத்திலும் போகும் பக்கத்திலும் குறுக்குவெட்டு அளவை, ஓடையின் நீளவாட்டுச் சரிவு, நீர்ப்பிடிப்புப் பகுதியில் கூரையாலும் தளத்தாலும் மூடப்பட்ட பரப்பு எத்தனை சதவீதம், நிலத்தடியில் போகும் குழாய், மின்கேபிள், எரிவாயு வழிகள், நில ஆவணங்கள். மூடிய பரப்பு ஏறத்தாழ 10 சதவீதத்தைத் தாண்டும்போதே ஓடையின் உயிரினங்கள் குறையத் தொடங்குகின்றன. 25 சதவீதத்துக்கு மேல் போய்விட்ட ஓடையைப் பழைய நிலைக்குத் திருப்புவேன் என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். மதிப்பிடுபவருக்கு அது தெரியும். வெள்ளம் குறையும், நாற்றம் போகும், நிழல் கிடைக்கும், சில மீன்களும் பறவைகளும் வரும் என்று அளக்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள்.

படுகைச் சேற்றின் மாதிரியை மறக்காமல் எடுக்கச் சொல்லுங்கள், மேல்மட்டத்தில் மட்டுமின்றி ஆழத்திலும். ஈயம், காட்மியம், குரோமியம், துத்தநாகம், எண்ணெய்க் கசடு ஆகியவை அளவுக்கு மேல் இருந்தால் அந்தச் சேற்றைச் சாதாரணக் குப்பைமேட்டில் கொட்ட முடியாது. அபாயக் கழிவுக்கான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போக்குவரத்தும் கொட்டுகூலியும் பன்மடங்காகும். மதிப்பீடு பிளந்துபோகும் இடங்களில் இதுவே முதன்மையானது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தெரியவந்தால் நடவுக்கு வைத்த பணம் முழுவதும் சேற்றுக்குப் போய்விடும்.

நீரியல் கணக்கில் ஓர் உண்மையை ஆர்வலர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள், பொறியாளர்களோடு வீணாகச் சண்டையும் போடுகிறார்கள். ஒரு பரப்பு நீரோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டுவது மேனிங் கரடுமுரடு எண். வழவழப்பான காங்கிரீட்டுக்கு அது ஏறத்தாழ 0.015, செடிகொடி உள்ள இயற்கைக் கரைக்கு 0.045 அல்லது அதற்கும் மேல். அதே அகலம், அதே ஆழம், அதே சரிவில் காங்கிரீட்டை எடுத்துவிட்டுச் செடி வைத்தால் கொள்ளும் வெள்ளம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். "மரம் வைத்தால் வெள்ளம் வரும்" என்று பொறியாளர் சொல்வது அகலத்தை மாற்றாத வரைக்கும் சரியே. ஆகவே மீட்பின் உண்மையான விலை நிலம்தான். கரைக்கு இருபுறமும் எத்தனை மீட்டர் கிடைக்கும் என்பதை முதலில் தீர்த்துவிட்டு, 2, 10, 100 ஆண்டு வெள்ளங்களுக்கு (சராசரியாக அத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியவை) நீர்மட்டக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஹெக்-ராஸ் மென்பொருள் இலவசம். இந்த வேலைக்கு உலகெங்கும் பயன்படுகிறது. 'முன்பை விட எந்த இடத்திலும் வெள்ளமட்டம் உயரவில்லை' என்று ஒரு பக்கம் கணக்கோடு காட்ட முடியாத திட்டத்துக்கு வெள்ளத் துறையின் அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

கழிவுநீர் நிற்காமல் அழகு வேலைக்குப் பணம் கேட்பது அடுத்த பெரிய தவறு. ஜெர்மனியின் எம்ஷர் ஆறு ஒரு நூற்றாண்டுக்கு மேல் திறந்த சாக்கடையாக இருந்தது. அதை மாற்றும் பணி 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, 2021 இறுதியில்தான் ஆறு கழிவுநீரிலிருந்து விடுபட்டது. செலவு 500 கோடி யூரோவுக்கு மேல். 400 கி.மீ.க்கு மேல் புதிய கழிவுநீர்க் குழாய்கள், அவற்றில் முதுகெலும்பாக 51 கி.மீ. நிலத்தடிக் குழாய். ஒரு கிளையோடையில் கழிவு நின்ற பிறகுதான் அங்கே காங்கிரீட்டை எடுத்தார்கள். பணத்தின் பெரும்பகுதி 1899-இல் உருவான நீர்ச் சங்கத்தின் உறுப்பினர்களான நகராட்சிகளும் தொழிற்சாலைகளும் கட்டும் சந்தாவிலிருந்து வந்தது. மாநில, ஐரோப்பிய நிதிகள் அதன் மேல் சேர்ந்தன. முப்பது ஆண்டு வேலையை மூன்றாண்டு மானியங்களால் நடத்த முடியாது. நிலையான வரவுள்ள ஓர் அமைப்பு அடியில் இருக்க வேண்டும்.

மதிப்பீட்டைப் போடும்போது மொத்தத்தை 100 பங்காக வைத்து ஆரம்பிக்க ஒரு தோராயம்: ஆய்வு, வடிவமைப்பு, அனுமதிகள் 13, மண்வெட்டும் சேறு அகற்றலும் 28, குழாய், கேபிள் இடமாற்றமும் சிறுபாலமும் 17, கரைப் பாதுகாப்பும் நடவும் 15, மேற்பார்வை 6, எதிர்பாராச் செலவு 13, முதல் மூன்றாண்டுப் பராமரிப்பு 8. நிலம் வாங்குவதும் மறுகுடியமர்த்தலும் இதில் சேராது, அவை தனி. முதல் வரைவில் எதிர்பாராச் செலவை 5-ஆகக் குறைத்து, மேற்பார்வையை மறந்து, நடவை 40-ஆக எழுதியிருப்பதைப் பல விண்ணப்பங்களில் பார்க்கலாம். மதிப்பிடுபவர் அந்தத் தாளைப் பார்த்த உடனேயே, இவர்கள் மண்வெட்டி எந்திரத்தை வாடகைக்கு எடுத்ததே இல்லை என்று புரிந்துகொள்வார்.

ஒரே மூலத்தில் முழுத்தொகையையும் கேட்பதை விட, இந்தப் பங்குகளை உரிய தலைப்புகளுக்குப் பிரித்துக்கொடுங்கள். குழாய் இடமாற்றம் குழாய்த் துறைக்கு, சிறுபாலம் சாலைத் துறைக்கு, நடைபாதை பூங்காவுக்கு, மண்வெட்டு வெள்ளத் தடுப்புக்கு. ஆனால் ஒவ்வொன்றும் தனியாக நின்றாலும் பயன்தரும்படி பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு மானியம் தாமதமானால் மற்ற மூன்றும் அதற்காகக் காத்திருந்து காலாவதியாவது அடிக்கடி நடக்கும் கதை.

இணைநிதி என்பது மானியத்தோடு நீங்கள் போட வேண்டிய பங்கு. அமெரிக்காவின் தூய்மை நீர்ச் சட்டம் 319-ஆம் பிரிவு மானியத்தில் அது 40 சதவீதம். கூட்டரசின் பேரிடர்த் தணிப்பு மானியங்களில் வழக்கமாக 25. கூட்டரசின் ஒரு மானியத்துக்குக் கூட்டரசின் இன்னொரு மானியத்தையே பங்காகக் காட்டுவது பொதுவாகச் செல்லாது. வேறு நாடுகளிலும் இதே மாதிரித் தடைகள் உண்டு. பணமாக இல்லாமல் உழைப்பாகவும் பொருளாகவும் பங்கு காட்ட அனுமதித்தால் கணக்கை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள்: தேதி, பெயர், செய்த வேலை, மணி, கையெழுத்து. ஆண்டு முடிந்து நினைவிலிருந்து எழுதிய தாளைத் தணிக்கை தள்ளிவிடும். ஒரே மணி நேரத்தை இரண்டு மானியங்களில் காட்டக் கூடாது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் செய்த வேலையும் பெரும்பாலும் செல்லாது. ஆர்வத்தில் முன்கூட்டியே நடவைத் தொடங்கி, கையிலிருந்த பங்கை இழந்த குழுக்கள் உண்டு.

பணம் வரும் முறையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல மானியங்களில் முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும். பிறகு பில் போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பெற வேண்டும். அதிலும் 10 சதவீதம் போலப் பிடித்துவைத்து, இறுதி அறிக்கைக்குப் பிறகே விடுவிப்பார்கள். ஒப்பந்ததாரருக்கோ முப்பது நாளில் கொடுக்க வேண்டும். சிறிய குழு இந்த இடைவெளியைத் தாங்காது. நகராட்சியை மானியம் பெறுபவராக வைத்து, குழு அதன் கீழ் மேற்பார்வை, நடவு, மக்கள் தொடர்பு ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. நிர்வாகச் செலவுக்கு ஒரு வரி விண்ணப்பத்தில் இல்லாவிட்டால் கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம் கிடையாது. அதை வெட்கப்படாமல் கேளுங்கள்.

காலக் கணக்கு இன்னும் இரக்கமற்றது. மூன்றாண்டு மானியம் என்று கடிதம் வரும். ஒப்பந்தம் கையெழுத்தாக ஆறு மாதம், அனுமதிகளுக்கு ஓராண்டு, டெண்டருக்கு நான்கு மாதம் போனால், மண்வேலைக்கு ஒரே ஒரு வறண்ட பருவம்தான் மிஞ்சும். ஆகவே நடவுப் பருவத்திலிருந்து பின்னோக்கி நாள் குறியுங்கள். நீர் குறைந்த மாதங்களில் மண்வேலை முடிய வேண்டும். மழை தொடங்கும்போது செடி மண்ணில் இருக்க வேண்டும். மண்வேலை ஒரு மாதம் தள்ளினால் வெற்றுக்கரை முதல் வெள்ளத்தைச் சந்திக்கும், அரித்துப்போகும். அப்போது எல்லோரும் "அன்றே சொன்னோம், காங்கிரீட் போட்டிருக்கலாம்" என்பார்கள். தென்னை நார்ப் பாயை விரித்து, நுனி மேலாக 60 முதல் 90 செ.மீ. நீளமுள்ள பச்சைக் கழிகளை முக்கால் பங்கு மண்ணுக்குள் இறக்கினால் வேர் பிடிக்கும். பாய் சில ஆண்டுகளில் மட்கிவிடும். அதற்குள் வேர்தான் கரையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எளிதில் வேர்விடும் கரையோர இனங்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

ஆதரவு திரட்டும் வரிசையில், பலர் முதலில் அரசியல்வாதியிடம் போகிறார்கள். முதலில் பராமரிப்புப் பொறியாளரிடமும் துப்புரவுப் பணியாளர்களிடமும் போவதே நல்லது என்பது என் கருத்து. எந்தக் குழாய் எப்போது பொங்கும், எந்தப் பாலத்தில் குப்பை அடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். திட்டம் தங்கள் வேலையைக் கூட்டும் என்று அவர்கள் நினைத்தால் மேலே எத்தனை பேர் கையெழுத்திட்டாலும் கோப்பு நகராது. அதன்பின் மன்ற உறுப்பினரிடம் போய், வாய்மொழி உறுதியோடு நிற்காமல், மன்றத் தீர்மானமும் பல ஆண்டு மூலதனத் திட்டத்தில் ஒரு வரியும் கேளுங்கள். அடுத்த தேர்தலைத் தாண்டி நிற்பது அந்த வரி மட்டுமே.

ஆதரவுக் கடிதங்கள் நூறு வேண்டாம், ஐந்து போதும். 'இத்திட்டத்தை மனமார வரவேற்கிறோம்' என்ற கடிதத்துக்கு மதிப்பெண் இல்லை. 'ஆண்டுக்கு நான்கு முறை இருபது மாணவர்களை நீர்த்தரம் அளக்க அனுப்புவோம்', 'எங்கள் மண்வெட்டி எந்திரத்தை ஐந்து நாள் தருவோம்' என்று அளவோடு எழுதியதுதான் கணக்கில் சேரும்.

அண்டை வீட்டாரின் அச்சங்களை அலட்சியம் செய்யாதீர்கள். கொசு வருமா என்பார்கள்: ஓடும் நீரில் பெருகாது, தேங்கும் குட்டையில் பெருகும், ஆகவே நீர் எங்கே தேங்கும், எத்தனை நாளில் வடியும் என்று வரைபடத்தில் காட்டுங்கள். குழந்தை விழுந்தால் என்ன செய்வது என்பார்கள்: காங்கிரீட் கால்வாயின் செங்குத்துச் சுவரை விடச் சாய்வான கரையில் ஏறி வெளியே வருவது எளிது. என்றாலும் திடீர் வெள்ளம் உண்மையான ஆபத்துதான். காலாங் ஆற்றில் நீர்மட்ட உணர்கருவி, எச்சரிக்கை விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் வைத்திருக்கிறார்கள். அந்தச் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேருங்கள்.

கரையில் குடியிருப்போர் விஷயம் வேறு வகை. அவர்களை 'ஆக்கிரமிப்பு' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கி, வேறொருவர் அகற்றித் தருவார் என்று எண்ணித் திட்டம் போடுவது அநியாயம், நடைமுறையிலும் தோற்கும். வழக்கு வரும், வேலை நிற்கும், மானியக் காலம் ஓடிவிடும். வேலைக்கும் பள்ளிக்கும் எட்டும் தூரத்தில் மாற்று வீடு, அதற்கான பணம், கால அட்டவணை ஆகியவை திட்டத்துக்குள்ளேயே முதல் செலவாக இருக்க வேண்டும். அந்தப் பணம் இல்லையென்றால், அவர்கள் இல்லாத பகுதியில் தொடங்குங்கள்.

எங்கே தொடங்குவது என்பதில் சபலம் ஒன்று உண்டு: மிக மோசமான இடத்தைத் தேர்ந்தெடுப்பது. அது வேண்டாம். கழிவு கலக்காத, நிலத் தகராறு இல்லாத, நாலு பேர் நடமாடும் 50 முதல் 100 மீட்டர் போதும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1984-இல் ஸ்ட்ராபெரி ஓடையைக் குழாயிலிருந்து வெளியே எடுத்தது வெறும் 60 மீட்டர் போலத்தான், அதுவும் கைவிட்ட ரயில் நிலத்தில் அமைந்த பூங்காவின் ஒரு பகுதியாக. நாற்பது ஆண்டு கழிந்தும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். சிங்கப்பூரிலும் பெரிய வேலைக்கு முன் 60 மீட்டர் சோதனைப் பகுதியில் பத்து வகைக் கரைப் பாதுகாப்பு முறைகளை முயன்று பார்த்து, நின்றவற்றையே ஆற்றில் பயன்படுத்தினார்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. சியோலின் சொங்கேசொன் ஓடை 2005-இல் 5.8 கி.மீ. நீளத்துக்கு மேம்பாலத்தின் அடியிலிருந்து வெளியே வந்தது. உலகமே படம் எடுத்தது. ஆனால் அதில் ஓடும் நீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து நாள்தோறும் இறைக்கப்படுவது. தொடக்க வடிவமைப்பில் ஓடையின் மொத்த ஓட்டம் நாளுக்கு 1,20,000 டன். மின்கட்டணம் ஒவ்வொரு ஆண்டும் வரும். உங்கள் ஓடைக்குக் கோடையில் நீர் எங்கிருந்து என்ற கேள்விக்கு 'பம்பு' என்பது விடையானால், அதன் மின்கட்டணத்தை யார் எந்தக் கணக்குத் தலைப்பில் கட்டுவார் என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும்.

பெரும்பாலான மானியங்கள் பராமரிப்பைத் தராது, ஆனால் பத்து இருபது ஆண்டு பராமரிப்பேன் என்று கையெழுத்து மட்டும் கேட்கும். ஒரு சிறு வழி இருக்கிறது. முதல் இரண்டு மூன்று ஆண்டு நீர் விடுவதையும் களை எடுப்பதையும் 'செடி நிலைபெறச் செய்தல்' என்று கட்டுமான ஒப்பந்தத்துக்குள்ளேயே ஓர் உருப்படியாகச் சேருங்கள். அப்போது அது மூலதனச் செலவு. கூடவே ஒப்பந்ததாரரின் பிடித்தத் தொகையை முதல் ஆண்டு முடிவில் 80 சதவீதம் செடி உயிரோடு இருந்தால்தான் விடுவிப்பது என்று எழுதுங்கள். எண்ணுவது யார், எப்போது, செத்தவற்றுக்கு மாற்று நடவு யார் செலவில் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இறுதி பில் போன மறுநாள் தண்ணீர் லாரி வராது.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு நகராட்சியோடு இரண்டு பக்க உடன்படிக்கை போதும்: எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் வரை, குப்பைத் தடுப்புக் கம்பியை எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைப்பது, பருவத்தின் முதல் மழைக்கு முன்னும் பின்னும் யார் பார்ப்பது, வண்டல் எத்தனை செ.மீ. உயர்ந்தால் அள்ளுவது, எந்த மரத்தை வெட்டக் கூடாது. கடைசியாகச் சொன்னதை எழுதாமல் விட்டால், ஆண்டு முடிவுத் தூர்வாரலில் எந்திரம் வந்து மூன்றாண்டுச் செடிகளை ஒரே நாளில் வழித்துவிட்டுப் போகும். ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் இருந்த வேலைத் தாளில் 'தூர் வாருக' என்று மட்டும்தான் இருந்திருக்கும். கரையில் நிலையான முளைக்கம்புகள் அடித்து, ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் அதே இடங்களில் குறுக்குவெட்டை அளந்து, அதே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த நீளத்துக்கான விண்ணப்பத்தில் முதல் இணைப்பாகப் போக வேண்டியது அந்தத் தாள்கள்தான்.